பிளாஸ்டர் அச்சின் தேதி

தி. நகர்,
18-2-1974

அன்புள்ள டாக்டரக்காவுக்கு,

ஓய்வே இல்லாமல் வேலை பார்க்கிற உங்களுக்குக் கடிதம் எழுதித் தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன். இரண்டு தடவை மருத்துவமனைக்கு வந்தேன். இரண்டு தடவையும் வாசலில் பியூன் பக்கிரி, "டாக்டரம்மா இல்லமா, அப்பால வா" என்றார். இரண்டாம் தடவை உங்கள் பச்சைக் குடை கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பீர்கள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவின் பாத்திரக்கடையில் இப்போது எவர்சில்வர் மட்டும்தான் விற்கிறது. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, அக்கா. மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் ப்ரூஃப் ரீடர். இங்கிலீஷ் பி.ஏ. படித்ததற்கு ஒரு பயன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கும் முதல் ஆள் நான்தான் என்று அப்பா கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறார். பிறர் எழுதியதை வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருக்கும் வேலை. எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

போன வருஷம் தாடை ஆபரேஷனுக்குப் பிறகு பல்லைக் கம்பியால் கட்டிப்போட்டிருந்த ஆறு வாரமும் உங்களோடு நோட்டுப் புத்தகத்தில் பேசினேனே, நினைவிருக்கிறதா? நீங்களும் எழுதித்தான் பதில் சொல்வீர்கள். "உங்களுக்கு வாய் இருக்கிறதே அக்கா" என்று எழுதினேன். "வாயால் பேசினால் நர்ஸ் வந்து உட்கார்ந்துகொள்வாள்" என்று எழுதினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்க முடியாமல் கஞ்சி மூக்கில் ஏறியது.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்குப் பிறகு என் முன்பற்கள் சரியாகச் சேரவில்லை. ஊசியில் கோத்த நூலைப் பல்லால் கடித்து அறுக்க முடிந்தது, இப்போது முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் முகவாய் மறுபடி இடப்பக்கம் போகிற மாதிரி இருக்கிறது. பதினாறு வயதிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரே பக்கமாக மெல்லுகிறாய் என்று அம்மா அடித்தாள். வலப்பக்கத் தாடை எலும்பு மட்டும் நிற்காமல் வளர்ந்து முகத்தைத் தள்ளுகிறது, உன் தப்பு ஒன்றுமில்லை என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான்.

அப்பாவிடம் சொன்னேன். "ஏட்டி, கைராசிக்காரி கத்தி வச்சது, சும்மா கெடந்து பயப்படாத" என்றார். தூத்துக்குடியில் பேசி முடித்த இடம் உங்களுக்குத் தெரியும். வைகாசியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அதற்குள் நீங்கள் ஒரு முறை பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் போதும்.

உங்கள் தங்கை,
தங்கபுஷ்பம்

*

திருவல்லிக்கேணி,
2-3-1974

என் அன்புத் தங்கம்,

உன் கடிதம் கிடைத்தது. உனக்கு வேலை கிடைத்ததைக் கேட்டு என்னைப் பெற்ற அம்மி தொழுகைக்குப் பிறகு உனக்காக துஆ செய்தார்கள். அவர்கள் செய்த சேமியாவை நீ எப்போது வந்து சாப்பிடப்போகிறாய்? இந்தத் தடவை டம்ளரில் குடிக்க வேண்டியதில்லை.

நீ வந்ததை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பக்கிரியைக் கண்டிக்கிறேன். விரிவுரையாளர் பதவிக்கு மனுப் போட்டிருக்கிறேன். நேர்முகம் ஜூனில் இருக்கும் என்கிறார்கள். ஓய்ந்து உட்கார நேரமில்லை.

பல்லைப் பற்றிக் கவலைப்படாதே. அறுவைக்குப் பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கொஞ்சம் அசைந்து அசைந்துதான் நிலைக்கு வரும். இரண்டு பக்கமும் சமமாக மென்று சாப்பிடு. கண்ணாடியை அடிக்கடி பார்க்காதே. பார்க்கப் பார்க்க எல்லா முகமும் கோணலாகத்தான் தெரியும், என் முகம் உட்பட.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இதற்காகப் பெரிய டாக்டர் சந்திரமௌலியிடம் போகாதே. அவர் எதைப் பார்த்தாலும் முதலில் பயமுறுத்துவார். கல்யாணச் சமயத்தில் உனக்கு அது வேண்டாம்.

உன் அக்கா,
ஜஹனாரா

*

தி. நகர்,
25-3-1974

அன்புள்ள டாக்டரக்காவுக்கு,

நீங்கள் சொன்னபடி இரண்டு பக்கமும் மெல்லுகிறேன். கண்ணாடி பார்ப்பதில்லை. ஆனால் போன வியாழக்கிழமை என் முகம் தானாகவே என் மேஜைக்கு வந்தது.

உங்கள் பல் மருத்துவப் பத்திரிகை இந்த வருஷம் எங்கள் அச்சகத்துக்கு வந்திருக்கிறது. உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஈரம் காயாத ப்ரூஃபை எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் பொன்னுரங்கம் கொண்டுவந்து வைத்தார். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயர். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பினேன். நான் இருந்தேன். கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒன்று.

பொன்னுரங்கம் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். "இன்னாம்மா, இது நீதானே? கண்ண மூடிட்டா ஆள் தெரியாதா?" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. அக்கா, பள்ளிக்கூடத்திலிருந்து இன்று வரை என்னை யாரும் கண்ணை வைத்து அடையாளம் கண்டதில்லை. மறைக்க வேண்டியதை விட்டுவிட்டுக் கண்ணை மறைத்திருக்கிறீர்கள்.

எலும்பு எந்த வயதில் வளரத் தொடங்கியது என்று தெரிய வேண்டும், பழைய படம் எல்லாம் கொண்டு வா என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் மூன்றுதான் இருந்தன. மூன்றையும் சட்டத்திலிருந்து கழற்றித் தந்தேன். கட்டுரையில் வந்திருக்கும் என் கூடப்பிறந்த அக்காவின் கல்யாணப் படத்தில் அவளை வெட்டிவிட்டு நான் மட்டும் இருக்கிறேன். அதைக்கூடப் பெரிதுபடுத்தவில்லை. படிப்புக்கு உதவும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு என் வேலையைச் செய்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

"பற்களின் முதல் பிளாஸ்டர் அச்சு 1971 டிசம்பரில் எடுக்கப்பட்டது. இரண்டாவது 1973 ஜனவரியில். பதின்மூன்று மாத இடைவெளியில் இரண்டு அச்சுகளிலும் மாற்றமில்லை. ஆகவே வளர்ச்சி நின்றுவிட்டதென்று உறுதி செய்துகொண்டு தாடையை அறுத்துச் சரி செய்தோம்." இங்கிலீஷில் இருந்ததை அப்படியே எழுதியிருக்கிறேன்.

அக்கா, 1971 டிசம்பரில் உங்கள் மருத்துவமனை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. முதல் அச்சு எடுத்தது 1972 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. என் பின்னல் நுனியில் பிளாஸ்டர் ஒட்டிக் கல்லாகிப் போய், நீங்களே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டீர்கள். இரண்டாவது அச்சு பொங்கலுக்கு முந்தைய வாரம். ஐந்து மாதம்கூட நிறையவில்லை.

கடைசியில், "பதினைந்து மாதம் கண்காணித்தோம், முகம் நிலையாக உள்ளது" என்று இருக்கிறது. நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தது போன ஜூலையில், அறுத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

ப்ரூஃப் ரீடருக்கு எழுத்துப் பிழையைத் திருத்தத்தான் உரிமை. எழுதியவர் சொல்லும் செய்தியில் கை வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அவருக்கே அனுப்ப வேண்டும். அவர் பார்த்துத் திருத்துவார். அந்த மூன்று இடத்திலும் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். ஏப்ரல் பத்தாம் தேதி வாக்கில் ப்ரூஃப் உங்களுக்கு வரும். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தேதி எழுதும்போது கை தவறியிருக்கும் என்று நீங்கள் சொன்னால் நம்புவேன்.

உங்கள் தங்கை,
தங்கபுஷ்பம்

*

திருவல்லிக்கேணி,
6-4-1974

அன்புத் தங்கம்,

பத்து நாளாக உன் கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கை தவறியது என்று எழுதலாம். நீ நம்பவும் செய்வாய். எனக்கு அப்படி எழுத வரவில்லை.

ஒரு வருஷம் காத்திருந்து அச்செடுத்துப் பார் என்றுதான் பெரிய டாக்டர் சொன்னார். என் ஆய்வேட்டை 73 ஏப்ரலில் கொடுத்தாக வேண்டியிருந்தது. விட்டால் இன்னும் ஒரு வருஷம். இந்த மாதிரி நோய் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது. எனக்குக் கிடைத்தது நீ ஒருத்திதான். எங்கள் துறையில் கத்தி பிடிக்கும் ஒரே பெண் நான் என்பதும், நான் எப்போது தடுக்கி விழுவேன் என்று எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அதையெல்லாம் அந்த நோட்டில் உனக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.

இரண்டு அச்சையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இது சத்தியம். ஐந்து மாதத்தில் எப்படித் தெரியும் என்று நீ கேட்டால், தெரியாதுதான். நீயும்தான் தை பிறப்பதற்குள் ஆக வேண்டும் என்று அவசரப்பட்டாய். அதையும் நினைத்துப் பார்.

ஆய்வேட்டில் 71 டிசம்பர் என்றே ஏறிவிட்டது. கட்டுரையில் வேறு தேதி போட்டால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பதவி போகும். பட்டமும் போகலாம். அப்பா இல்லாத வீட்டில் நான் ஒருத்தி சம்பாதிக்கிறேன்.

ப்ரூஃப் வரட்டும். உன் கேள்விகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அதுவரை நீ எங்கும் போக வேண்டாம், யாரிடமும் காட்ட வேண்டாம். பதவி கைக்கு வந்ததும் நானே உன்னை மருத்துவமனையில் சேர்த்து எல்லாவற்றையும் சரி செய்கிறேன். என்னை நம்பு.

ஜஹனாரா

*

தி. நகர்,
22-4-1974

டாக்டர் ஜஹனாரா அவர்களுக்கு,

ப்ரூஃப் திரும்பி வந்தது. மூன்று கேள்விக்குறிகளையும் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "உள்ளபடியே இருக்கட்டும்" என்று இங்கிலீஷில் எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் பார்த்துப் பழகிய அதே கையெழுத்து. முதல் இரண்டு அவசரமாக இருக்கின்றன. மூன்றாவதை நிறுத்தி, அழகாக எழுதியிருக்கிறீர்கள்.

எழுதியவர் அப்படிச் சொல்லிவிட்டால் அச்சகத்தில் யாரும் மறுத்துப் பேச முடியாது. மற்ற பதினொரு பிழைகளையும் திருத்தி, கீழே என் பெயரின் முதலெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பொன்னுரங்கம், "இன்னாம்மா, அந்தத் தேதி?" என்றார். அவங்க பார்த்துட்டாங்க என்றேன். அச்சாகிவிட்டது. என் முகம் சரியாகிவிட்டதென்று நானே பிழை பார்த்து அனுப்பியிருக்கிறேன்.

தை பிறப்பதற்குள் என்று சொன்னது அப்பா. நான் உங்களைத் தனியாகக் கேட்டேன், பெரிய டாக்டர் காத்திருக்கச் சொன்னாராமே, இருக்கட்டுமா என்று. நீங்கள் இரண்டு அச்சையும் என் கையில் கொடுத்து, "பார், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்கிறது" என்றீர்கள். நானும் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். எனக்கு அதில் என்ன தெரியும்? உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தலையாட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை டாக்டர் சந்திரமௌலியிடம் போனேன். அவர் பயமுறுத்தவில்லை. புது அச்சு எடுத்துப் பழைய இரண்டோடும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எலும்பு இன்னும் வளர்ந்துண்டுதாம்மா இருக்கு. ஒங்கிட்ட யாரும் சொல்லலியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உங்கள் கடிதங்கள் இரண்டும் அப்போது என் பையில்தான் இருந்தன. எடுக்கவில்லை. உங்களுக்காக அல்ல. அதில் ஒன்றில் "என் அன்புத் தங்கம்" என்று இருந்தது, அதை இன்னொருவர் படிப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

வளர்வது காதுக்கு முன்னால் இருக்கும் தாடையின் மேல்முனையாம். அதை வெட்டி எடுத்தால்தான் நிற்குமாம். முதலில் செய்திருக்க வேண்டியது அதுதானாம். அது நின்ற பிறகு, போன வருஷம் அறுத்த இடத்தையே மறுபடி அறுத்து, மறுபடி ஆறு வாரம் கம்பி. எல்லாவற்றையும் ஒரு படம் வரைந்து நிதானமாகச் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. கம்பி கட்டினால் யாரோடு எழுதிப் பேசுவது என்று ஒரு நினைப்பு வந்தது. அப்போதுதான் அழுகை வந்தது.

தூத்துக்குடிக்கு உண்மையை எழுதிவிடச் சொன்னேன். அப்பா இரண்டு நாள் கடை திறக்கவில்லை. மூன்றாம் நாள் எழுதினார். பதில் வராது என்று எங்களுக்குத் தெரியும்.

பட்டம், பதவி இரண்டையும் நான் கெடுக்க மாட்டேன். உங்கள் அம்மியின் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் இனி அக்கா என்று எழுத என்னால் ஆகாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் மேலே அப்படி எழுதியிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்தை இதுவரை சொல்லவில்லை.

அன்று பெரிய டாக்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். லூர்துமேரி என்று பெயர். பதினேழு வயது. அம்மா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். அந்தப் பெண் தாவணி நுனியால் முகவாயை மூடிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் இடப்பக்கம்தான் போகிறது. உங்கள் அறைக்கு வந்தவள், வழி தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை தடவை அச்சு எடுத்தார்கள் என்று கேட்டேன். "ரெண்டு வாட்டிக்கா. பொங்கலாண்ட ஒண்ணு, போன வாரம் ஒண்ணு. வளர்றது நின்னுபோச்சாம். மே ஆறாந்தேதி ஆப்ரேசன். அந்த டாக்டரம்மா ரொம்ப நல்லவங்கக்கா" என்றாள். நானும் ஆமாம் என்றேன்.

அவள் அம்மா என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "நீயும் பண்ணிக்கப் போறியாம்மா?" என்று கேட்டாள். பண்ணியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சமயத்தில் நான் பேசாமல் இருந்தது உங்கள் மூன்று சிவப்பு வரிகளுக்குக் குறைந்ததல்ல. இன்னொரு தடவை அப்படி இருக்க மாட்டேன்.

ஒரு முறை பார்க்கச் சொன்னதைத் தவிர நான் இதுவரை உங்களிடம் எதையும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். மே ஆறாம் தேதிக்கு முன்பு ஒரு நாள் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் உங்கள் அறைக்குக் கூப்பிடுங்கள். என்னையும் கூப்பிடுங்கள். பக்கத்தில் உட்காரவைத்து, ஐந்து மாதத்தில் வளர்ச்சி நின்றுவிட்டதென்று சொல்லி அறுத்த முகம் பதினைந்து மாதம் கழித்து இப்படி இருக்கிறது என்று, உங்கள் வாயால் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அ. தங்கபுஷ்பம்