சலவை அறைச் சுவரில் உம்முடைய ஊர்

கிழவனாரே,

இன்றைக்குக் காலமை சலவை அறைக்குள் இறங்கினேன். ஸ்நோ கரைந்து, சுவர் வேர்த்து, ஈரச் சீமெந்து மணம் எழும்பி நின்றது. "எங்கட ஊர் வந்திட்டுது" என்று நீர் மூக்கை விரித்து இழுக்கிற அதே மணம். பூசாத சாம்பல் சுவருக்கு முன்னால் ஒரு வாளி வெள்ளைப் பெயின்ற், புது மனேச்சர் வைத்துவிட்டுப் போனது. மூன்று சுவர் அடித்துவிட்டேன். நாலாவது உம்முடையது.

மோர்னிங்சைட் வீதியில் இந்தக் கட்டடத்துக்கு நீர் சூப்பரின்ரென்டன். நான் கூட்டித் துடைக்க வந்தவள். முதல் நாளே விசிலடித்துக்கொண்டு இந்தப் படியால் இறங்கினேன். பொயிலர் அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்தீர்.

"நிலத்துக்குக் கீழை விசிலடிக்காதை! கீழை இருக்கிறவருக்குக் கோவம் வரும்."

"ஆர் அவர்? வாடகை குடுக்கிறவரோ?"

சுரங்கத்துக்குள் காவல் ஆவி ஒன்று உண்டாம். விசிலும் தூஷணமும் அதற்கு ஆகாதாம். "பொம்பிளைப் பிள்ளை விசிலடிக்கப்படாது எண்டு அம்மா பேசினா. அவவுக்குத் தப்பி கனடா வந்தால் இஞ்சை நீர்!" என்றேன். நீர் சிரிக்கவில்லை. உம்முடைய இங்கிலிசும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. சேர்த்தால் ஒரு முழுசு வந்தது. அதால்தான் சண்டையும் வடிவாகப் பிடிக்க முடிந்தது.

பிறகு ஒருநாள் இந்த நாலாவது சுவரில் வெண்கட்டியால் ஊரைக் கீறிக் காட்டினீர். தர்னோவ்ஸ்கியே கூரி. சொல்லி முடிக்கிறதுக்குள் தேத்தண்ணி ஆறிவிடும். போலந்தில், வெள்ளியும் ஈயமும் எடுத்த பழைய ஊர். நடுவில் சந்தை முற்றம், அதைச் சுற்றி வளைவு வைத்த வீடுகள், சேர்ச், சுரங்கக்காரருக்கு மணியடிக்கிற கோபுரம். பக்கத்துக் காடு முழுக்கக் குழிகள். ஊர் விளிம்பில் கழிவு மண் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு.

"உதுதான் உங்கட மலையோ?"

"கீழை இருந்ததை எடுத்து மேலை வைச்சம். உங்கட ஆக்கள் செய்வினமோ?"

அதற்குக் கீழே கீறத் தொடங்கினீர். கீழ் ஊர் மேல் ஊரைவிடப் பெரிசு. தோண்டின இடமெல்லாம் தண்ணி. குதிரை கட்டி இறைத்தார்களாம். நீராவி இயந்திரம் வைத்து இறைத்தார்களாம். கல்லைக் குடைந்து ஆறு வரைக்கும் வாய்க்கால் வெட்டினார்களாம்; இப்பவும் அதற்குள் வள்ளம் ஓடுதாம். தண்ணியும் விடவில்லை, அவர்களும் விடவில்லை. கடைசியில் வெள்ளிதான் முடிந்தது. உம்முடைய தகப்பன் பக்கத்து ஊரில் நிலக்கரி வெட்டப் போனார், நீரும் போனீர். வெள்ளிச் சுரங்கத் தண்ணியையோ குழாயில் விட்டு ஊரே குடித்தது.

"விரட்டேலாத எதிரியைக் குடிச்சுப்போட வேணும், பிள்ளை."

எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கமும் ஆறில்லை, தண்ணியெல்லாம் கல்லுக்குக் கீழேதான் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொன்னேன். நிலாவரைக் கிணற்றில் எலுமிச்சங்காய் போட்டால் நிலத்துக்குக் கீழாலேயே போய்க் கீரிமலைக் கேணியில் மிதக்குமாம் என்றேன்.

"அந்தச் சுரங்கம் வெட்டினது ஆர்?"

"ஒருத்தரும் வெட்டேல்லை. தானாய் இருக்கு."

"பொய். ஆரோ எங்கட ஆள் வந்திருக்கிறான்."

யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்ட கிழமை, அக்கா குடும்பம் எங்கே என்று தெரியாமல் துடைத்த தரையையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். நீர் வெண்கட்டியை எடுத்து உம்முடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிணறு கீறினீர். அதிலிருந்து உம்முடைய வாய்க்கால் வரைக்கும் ஒரு கோடு. கோட்டுக்கு நடுவில் ஒரு எலுமிச்சங்காய். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு என்றேன். அந்தக் கிழமை நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

அக்கா வன்னியில் தப்பி இருக்கிறா என்று பிறகு கடிதம் வந்தது. நீர்தான் போன மாசியில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை.

நேற்று மனேச்சர் வந்து நின்றார். "உந்தக் கிறுக்கலையும் மூடுங்கோ."

"கிறுக்கல் இல்லை. ஊர்."

"ஆருடைய ஊர்?"

"ரெண்டு பேற்றை."

"நாளைக்கு அடிச்சிருக்க வேணும். இல்லாட்டி வேறை ஆளைப் பிடிப்பன்."

"பிடியுங்கோ. வாற ஆளுக்குச் சொல்லிவிடுறன், கீழை ஒருத்தர் இருக்கிறார், கோவக்காரன் எண்டு."

வாய் வீரம் சரி, கிழவனாரே. ஆனால் வெண்கட்டிதானே? ஒரு ஈரத்துணி போதும். சுவர் வேர்த்த வேர்வைக்கே காடு பாதி அழிந்து கிடந்தது. வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரியைக் குடிச்சுப்போட வேணும் எண்டு நீர் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

மூலை பூசுகிற சின்னத் தூரிகையை எடுத்தேன். உம்மை மூடத் தந்த வெள்ளையைத் தொட்டு, உம்முடைய கோடுகளுக்கு மேலாலேயே இழுத்தேன். முற்றம், கோபுரம், காட்டுக் குழிகள், மண்மேடு. பிறகு முழங்காலில் நின்று கீழ் ஊர் முழுக்க. தடிப்பாக இழுத்தேன்; இனி எவன் மேலால் பூசினாலும் கோடு புடைத்துக்கொண்டு நிற்கும். கிணறும் வாய்க்காலும் கடைசி. எலுமிச்சங்காயைத் திருத்துவமோ என்று யோசித்தேன். வேண்டாம், உருளைக்கிழங்காகவே கிடக்கட்டும்.

நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது. நீர் மிச்சம் விட்ட வெண்கட்டித் துண்டு என் பொக்கற்றுக்குள் இருக்கிறது. அடுத்த கட்டடத்துக்கும் சுவர் இருக்கும்தானே.

விளக்கை அணைத்தேன். வாயை இறுக்கிக்கொண்டு படி முழுக்க ஏறினேன். மேல் வாசலில் கால் வைத்த பிறகுதான் விசிலடித்தேன், மனேச்சரின் கந்தோர் வரைக்கும் கேட்கிற மாதிரி.