துத்தநாகம் இல்லாத விரல்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஆய்வகத்தில் ஏசி மறுபடியும் கோளாறு. ஐஸ் பெட்டியை இரண்டு தடவை நிரப்பினேன்.

செய்ய வேண்டியவை: ஜெல் ஊற்ற. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம். செருப்பு தைக்க.

பலகையில் துறைக் கருத்தரங்கு அறிவிப்பு. பதினான்காம் தேதி. தலைப்பு: மரபணுவை அடக்கும் மனிதத் துத்தநாக விரல் புரதம். பேசுபவர் கதிரேசன், என் சீனியர். என் பெயர் எங்கும் இல்லை. கடைசியில் வரும் நன்றி வரியில்கூட இல்லை.

எட்டு மாதம். புரதத்தைப் பாக்டீரியாவில் வளர்த்தது நான். பிரித்தெடுத்தது நான். டிஎன்ஏவோடு கலந்து ஜெல்லில் ஓட்டியதும் நான். போன மாதம் கதிரேசன் அண்ணன் "பாத்துட்டுத் தாரேம்மா" என்று என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். வேறென்ன தெரியும் எனக்கு?

எங்கள் வழிகாட்டி மேடத்திடம் சொல்லப் போனேன். கதவு வரைக்கும். உள்ளே கதிரேசன் அண்ணன் குரல். "பவித்ரா கைவேல நல்லாச் செய்யும் மேடம். மேடை ஏத்துனா வாயத் தொறக்காது. மீன்காரவுக வீட்டுப் புள்ள, பாவம்." மேடம் இருமினாரா, சிரித்தாரா? சிரித்தார்.

திரும்பி வந்து ஜெல் தொட்டி கழுவினேன். முறைப்படி இந்த மாதம் கதிரேசன் அண்ணன் கழுவ வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

கதிரேசன் அண்ணனை என்ன செய்யலாம்:
– ஸ்லைடுகளை அழிப்பது. (மாட்டிக்கொள்வேன்.)
– மொட்டைக் கடிதம். (கையெழுத்து தெரிந்துவிடும்.)
– ஃப்ரீசரில் அவர் டப்பாவை வெளியே எடுத்து வைப்பது. (புரதம் என்ன பாவம் செய்தது?)

மதியம் அவருடைய கருத்தரங்கு ஒத்திகை. பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஐந்தாவது ஸ்லைடில் என் பிப்ரவரி ஜெல். ஓரத்தில் என் காற்றுக்குமிழி கூட அப்படியே. அதைக் காட்டிச் சொல்கிறார், இந்தப் புரதம் டிஎன்ஏவைத் தொடுவதே இல்லையாம், தொடாமலே மரபணுவை அடக்குகிறதாம், புதுக் கண்டுபிடிப்பாம்.

எனக்குக் காது சூடானது.

அந்த ஜெல் தப்பு. என் தப்பு. இந்தப் புரதம் டிஎன்ஏவைப் பிடிப்பது விரல்போன்ற மடிப்புகளால்; ஒவ்வொரு விரலையும் வடிவில் நிறுத்துவது ஒரே ஒரு துத்தநாக அணு. நாங்கள் எதற்கும் எடுக்கும் பொதுப் பஃபர் கரைசலில் ஈடிடிஏ உண்டு, உலோகத்தைக் கவ்விப் பிடுங்கிவிடும். நான் யோசிக்காமல் அதையே ஊற்றியிருந்தேன். துத்தநாகம் போனால் விரல் தொய்யும். தொய்ந்த விரல் டிஎன்ஏவை எப்படிப் பிடிக்கும்?

அவர் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் எனக்கு இது உறைத்தது. ஈடிடிஏ இல்லாத பஃபர், கொஞ்சம் துத்தநாகம், புது ஜெல். டிஎன்ஏ பட்டை கனத்து, கீழே ஓடாமல் மேலே நின்றது, மூன்று முறையும். புரதம் டிஎன்ஏவைப் பிடிக்கிறது. பிடித்த பிறகுதான் கூட்டாளிப் புரதங்களை அழைத்து, டிஎன்ஏவை இறுக்கிச் சுருட்டி, மரபணுவின் வாயை அடைக்கும். எல்லாம் புது நோட்டில், என் பையில்.

சொல்லிவிடலாமா?

மார்ச் 9, ஞாயிறு

கட்டுமாவடி, எங்கள் ஊர். காற்று. அம்மாவோடு மீன் ஏலத்துக்குப் போனேன். ஒரு வியாபாரி மேலே புது மீன், அடியில் நேற்றைய மீன் அடுக்கியிருந்தார். அம்மா கூடைக்குள் கை விட்டாள்.

"அண்ணே, இதுக்குச் செவுளத் தூக்கிக் காட்டுங்க."

"ஏன் ஆத்தா, காலங்காத்தால வம்பா?"

"வம்பு இல்லண்ணே, செவுளு. எல்லாரும் பாக்கட்டுமே."

செவுள் சாம்பல் நிறம். கூட்டம் சிரித்தது. ஒருவர், "அண்ணனுக்கும் தூக்கிப் பாரு, நேத்துப் புடிச்சதா இருக்கும்" என்றார்.

திரும்பும்போது அம்மா கேட்டாள், "நீ படிக்கிறியே வெரலு, அது எந்த வெரலு?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா."

"தெரியாத வெரலுக்கு எட்டு மாசமா?"

மார்ச் 12, புதன்

கதிரேசன் அண்ணன் தானாகவே வந்தார். டீ வாங்கிக் கொடுத்தார். "பவி, புது நோட்டுல ஏதாச்சும் இருக்காம்மா?"

"இல்லண்ணா."

முழுப் பொய். டீயில் சர்க்கரை ஜாஸ்தி. நன்றாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

கருத்தரங்கு. திருச்சியிலிருந்து ஒரு பேராசிரியர். நீலச் சுடிதார். காலையில் சாப்பிட முடியவில்லை.

ஐந்தாவது ஸ்லைடு. எழுந்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இன்னொரு முறை கேட்டேன்.

"அண்ணா, இந்தப் பஃபர்ல ஈடிடிஏ எவ்வளவு?"

"நார்மல் பஃபர்தாம்மா. எப்பவும் போடுறதுதான்."

பேராசிரியர் பேனாவை மூடினார். "துத்தநாக விரல் புரதத்துக்கு ஈடிடிஏ போட்டீங்களா? அப்ப அது எப்படிங்க டிஎன்ஏவப் பிடிக்கும்?"

கதிரேசன் அண்ணன் மேடத்தைப் பார்த்தார். ஸ்லைடைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார்.

"சார், அந்த ஜெல் நான் ஓட்டுனது இல்ல. எல்லாமே பவித்ரா ஓட்டுனது."

எல்லாமே. எழுபது பேர் முன்னால். மைக்கில்.

"ஆமா சார்" என்றேன். "தப்பும் என்னோடதுதான். சரி பண்ணுன ஜெல்லும் இருக்கு." பென்டிரைவை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன்.

பதினெட்டு நிமிடம் பேசினேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வெளியே மேடம் பிடித்துக்கொண்டார். "எப்ப இருந்து தெரியும் ஒனக்கு?" சொன்னேன். முகம் இறுகிப் போயிற்று. "துறையோட மானம் போச்சேம்மா." போகட்டும். அதில் என் பெயர் இருந்ததா?

மாடிப்படியில் கதிரேசன் அண்ணன். "மொதல்லயே சொல்லிருக்கலாம்லம்மா?"

சொல்லியிருக்கலாம்.

தொட்டி கழுவாமல் கிடக்கிறது. இந்த மாதம் அவர் முறைதான். பூட்டிவிட்டு வந்தேன்.