பத்து டிகிரிக்குக் கீழே

அக்டோபர் 9, 2012
எபர்ஹார்ட்டை அமெரிக்கப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இவ்வளவு காலம் ஐரோப்பாவுக்கான டீசல் கார்களைச் சரிபார்த்தவன், இனி அவற்றையே அமெரிக்காவுக்குத் தயார்செய்ய வேண்டும். "அதே என்ஜின், அதே கார். புகைச் சட்டம் மட்டும் வேற," என்கிறான். புது ஒயினும் வெங்காயக் கேக்கும் வாங்கி வந்தான். என் கணவன் இவ்வளவு பேசி நாளாயிற்று.

அக்டோபர் 21
மழை. நெக்கர் ஆற்றங்கரையில் நடந்தோம். நன்றாக இருந்தது.

நவம்பர் 4
அமெரிக்க அதிகாரிகளுக்கு அனுப்பும் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொன்னான். நான் அமெரிக்காவில், ஒஹாயோவில் ஒரு வருடம் படித்தது இதற்காவது உதவட்டும்.

புகையைச் சுத்தம் செய்வது எப்போதெல்லாம் குறைகிறது, ஏன் குறைகிறது என்று அமெரிக்காவில் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இங்கே ஐரோப்பாவில் யாரும் கேட்பதில்லை. "என்ஜினைப் பாதுகாக்க" என்று சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அது போதும்.

எழுதியிருந்ததில் ஒரு சொல்: 'வெப்ப ஜன்னல்'. வெளியே பத்து டிகிரிக்குக் கீழே போனால் சுத்தம் செய்வது குறைந்துவிடுமாம். முழுச் சுத்தம் நடக்கும் வெப்ப எல்லைக்குத்தான் ஜன்னல் என்று பெயர். அப்படியே ஆங்கிலத்திலும் ஜன்னல் என்று போட்டுவிட்டான்.

"இது அவங்களுக்குப் புரியாது. என்ன நடக்குதுன்னு எழுது."

"இங்க எல்லாருக்கும் புரியுதே?"

"இங்க வருஷத்துல பாதி நாள் பத்து டிகிரிக்குக் கீழதான். அப்ப இது ஜன்னலா, சுவரா?"

அவன் சிரிக்கவில்லை. "நீ குடிதண்ணிய சோதிக்கிறவ. என்ஜினப் பத்தி உனக்கு என்ன தெரியும், டாக்டரம்மா?"

நவம்பர் 5
பேசவில்லை. இருவரும்தான்.

நவம்பர் 11
இன்று தானாகவே ஆரம்பித்தான். குளிரில் கரி படிந்து வால்வு அடைத்துக்கொள்ளும் என்பது உண்மைதானாம். புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசலுக்குப் பெரிய தொட்டி வைத்தால் வேறு வழி உண்டு. ஆனால் செலவு, இடம். மேலதிகாரி க்யூன்லே 'என்ஜினைப் பாதுகாக்க' என்ற ஐரோப்பிய வாக்கியத்தையே போடச் சொல்கிறார். "ஆனா கீழ என் பேருல்ல இருக்கும்?" என்றான்.

இந்த வயதில் மேலதிகாரியோடு மோது என்று எப்படிச் சொல்வது? மோதாதே என்று மட்டும் எப்படிச் சொல்வது? வீரர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அவன் மேல் இருக்கிறது. இரண்டும் வேறுதானே?

டிசம்பர் 2
மாற்றி எழுதிவிட்டான். ஜன்னல் இல்லை. "பத்து டிகிரிக்குக் கீழே இந்தக் கார் வரம்பைவிட மிக அதிகமாக நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடும்." காற்புள்ளிகளை மட்டும் திருத்தினேன்.

டிசம்பர் 7
க்யூன்லே கத்தினாராம். "இத அனுப்பினா நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கிறோம்யா! பழைய வாக்கியத்தையே போடு."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டுருங்க, சார்."

க்யூன்லே பேனாவைத் தொடவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் பருப்பும் ஸ்பெட்ஸ்லே நூடுல்ஸும் போட்டுக்கொண்டான். எனக்குத்தான் இறங்கவில்லை. பயம்— வேலையை விட்டுத் தூக்கிவிட்டால்?

டிசம்பர் 24
ஆபீஸிலிருந்து ஒரு தகவலும் இல்லை. வழக்கம்போல உருளைக்கிழங்கு சாலட், சாசேஜ். மெழுகுவர்த்திகளை அவன் ஏற்றினான். ஏனோ நிம்மதியாக இருந்தது.

ஜனவரி 20, 2013
பழைய வாக்கியத்தின் கீழே யாரும் கையெழுத்திட முன்வராததால் காரையே மாற்றுகிறார்கள்! அமெரிக்கா போகும் வண்டிகளில் பெரிய தொட்டி. அதற்காக ஸ்டெப்னி போய்விட்டது. பனியிலும் இனி முழுச் சுத்தம். "விற்பனைக்காரங்க என்னைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிறாங்க," என்கிறான், ஏதோ பரிசு வாங்கியவன் மாதிரி.

"நம்ம ஊரு கார்ல?"

"கேட்டேன். 'இங்க யாரு கேக்குறா?'ன்னாங்க."

"நீ கேட்டியே?"

"நான் சட்டமா?"

மார்ச் 16
கம்பெனி தன் ஆட்களுக்குச் சலுகை விலையில் புதுக் கார் தரும் காலம் இது. வருடந்தோறும் டீசல்தான் எடுப்போம். இன்று அவன் பெட்ரோல் கார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலில் பக்கத்து வீட்டு ஹேஃபலே அம்மாவிடம் சொல்லும்போதுதான் என் காதில் விழுந்தது.

"பெட்ரோலா? உங்க கையால செஞ்ச டீசல விட்டுட்டா? உடம்பு கிடம்பு சரியில்லையா, ஐயா?"

"வீட்டுக்காரிக்கு டீசல் வாடை ஒத்துக்கலம்மா."

எனக்கு அந்த வாடை பிடிக்கும். அவனுக்கும் அது தெரியும். ஹேஃபலே அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க," என்றேன். "ரொம்பத் தலைவலி."