மூன்றாவது கேள்வி

விவேக் நகர், பெங்களூரு
ஜூலை 6

மரியே வாழ்க.

அன்புள்ள பாமா,

வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். போனில் பேசலாமென்றால் சோஃபியா பக்கத்திலேயே இருக்கிறாள். பத்தாம் வகுப்பு. அப்பா பேச்சை எடுத்தாலே புத்தகத்தை மூடிவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடுதாசி. கான்வென்ட்டில் பின்பெஞ்சில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு எழுதிய பழக்கம் நமக்கு எங்கே போகும்?

என் வீட்டுக்காரர் விஷயம் உனக்குப் பாதி தெரியும். மீதியைக் கேள். க்ளென் வேலை பார்த்த கப்பலை முதலாளி கம்பெனி அந்த வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டது. கேப்டனும் மற்றவர்களும் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். கப்பலுக்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும் என்று அங்கே கோர்ட்டில் கேட்டிருக்கிறார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான், ஒரு வாரத்துல நீயும் போயிடலாம்" என்று அரபியில் எழுதிய தாளை நீட்டியிருக்கிறார்கள். இந்த மனுஷரும் போட்டுவிட்டார். அந்தக் கப்பல் விற்கும்வரை அவர்தான் அதற்குக் காவல் என்று அதில் எழுதியிருந்ததாம். கப்பலை வாங்க ஆளே இல்லை. இரண்டு வருஷம் ஆகப்போகிறது பாமா. கரண்ட் கிடையாது. குடிதண்ணீர் படகில் வருகிறது. அந்தப் படகுக்காரர்தான் போனைக் கரைக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார்.

தூதரகத்துக்கு எழுதினேன், டெல்லிக்கு எழுதினேன். பரிசீலனையில் இருக்கிறதாம். நம் அரசாங்கம் அந்த அரசாங்கத்திடம் பேசினால்தான் அந்தத் தாளில் இவர் பெயரை எடுத்துவிட்டு வேறு ஆளைக் காவலுக்குப் போடுவார்கள். நீ இத்தனை வருஷமாக எம்.பி. ஆபீசில் இருக்கிறாய். உன் பாலகுமார் சார் பார்லிமென்ட்டில் எழுந்து ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?

ஒக்கலிபுரம் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். முட்டிவலி பரவாயில்லை. "பார்லிமென்ட்டே அவ தலைமேலதான் நிக்கறதுன்னு நெனப்பு அவளுக்கு" என்று உன்னைத் திட்டினார்.

உன்,
ஐரின்


புது டெல்லி
ஜூலை 14

என் ஐரினுக்கு,

படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். இவ்வளவையும் நீ ஏன் முன்பே சொல்லவில்லை? கோபம்தான் வருகிறது. சரி, விடு.

கேள்வியை எழுதிவிட்டேன். சார் கையெழுத்தும் போட்டுவிட்டார். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றுக்கு எழுத்தில் பதில் வரும். எத்தனையோ கேள்விகளுக்கு நடுவே அதுவும் ஒரு தாளாகக் கிடக்கும். இன்னொன்று நட்சத்திரக் கேள்வி. காலை பதினோரு மணிக்குக் கேள்வி நேரம். அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். மழுப்பினால் சார் விடாமல் துணைக்கேள்வி கேட்கலாம். நாடே பார்க்கும். நமக்கு நட்சத்திரம்தான் வேண்டும் என்று போட்டிருக்கிறேன். ஆனால் குலுக்கலில் வர வேண்டும். ஒரு நாளைக்கு இருபது கேள்விதான் எடுப்பார்கள். அதிலும் ஒரு மணி நேரத்தில் முதல் நாலைந்துதான் அவையில் நடக்கும்.

உன் குழந்தை இயேசுவிடம் குலுக்கலைப் பற்றிச் சொல்லி வை. நானும் இங்கே பிள்ளையாரிடம் சொல்கிறேன். இரண்டு பேரும் பேசி முடிவெடுக்கட்டும்.

பாமா


புது டெல்லி
ஜூலை 30

ஐரின், அடியே,

மூன்றாவது! இருபதில் மூன்றாவது இடம்! ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை. இத்தனை வருஷத்தில் எங்கள் ஆபீசுக்கு இவ்வளவு மேலே வந்ததில்லை. சார் என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மா வீட்டுக்காரர் பேர் என்ன, சரியா சொல்லணும்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். துணைக்கேள்விகளையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் மனப்பாடமே செய்துவிட்டார்.

கூட்டத்தொடர் சரியாக நடக்கவில்லை, அதுதான் பயம். பதினோரு மணிக்குக் கூடுகிறார்கள், கத்துகிறார்கள், பன்னிரண்டுக்கு ஒத்திவைக்கிறார்கள். பன்னிரண்டுக்கும் அதே கதை, இரண்டுக்கு ஒத்திவைப்பு. இரண்டு மணிக்கு வந்து, சத்தத்துக்கு நடுவிலேயே ஒரு மசோதாவை நிறைவேற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் வெள்ளிக்குள் அடங்கிவிடும் என்கிறார்கள். டிவி போட்டு வை.

பாமா


விவேக் நகர்
ஆகஸ்ட் 3

மரியே வாழ்க.

பாமா,

இன்றைக்கு அவரிடம் சொல்லிவிட்டேன். "என் பேரையா? பார்லிமென்ட்லயா?" என்று நாலு தடவை கேட்டார். சிரித்தார். அவர் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! டெக்கில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசினார். "அப்ப கிறிஸ்மஸுக்கு வந்துடுவேன், கேக்குக்குப் பழம் ஊறப்போட்டுடு" என்றார்.

சோஃபியாவின் சிவிக்ஸ் புத்தகத்தில் கேள்வி நேரம் பற்றி அரைப் பக்கம் இருக்கிறது. அவளே எடுத்து வாசித்துக் காட்டினாள். நானும் வெள்ளிக்கு, வேலை பார்க்கும் ஸ்கூலில் லீவு சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அல்போன்சா ஆன்ட்டி, பக்கத்துவீட்டு பிரிஸில்லா எல்லாரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். வியாழன் குழந்தை இயேசு கோயில் நவநாள் ஜெபத்துக்கு, நிற்க இடமில்லாத கூட்டத்திலும் போய் நின்றுவிட்டு வருவேன்.

நீ செய்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஐரின்


புது டெல்லி
ஆகஸ்ட் 8, மாலை

அன்புள்ள ஐரின்,

நீயே பார்த்திருப்பாய். ஒரே அமளி. நம் கேள்வி வராமலே அவையை ஒத்திவைத்துவிட்டார்கள். நீ எத்தனை முறை போன் செய்தாய் என்று தெரியும். எனக்குத்தான் எடுக்கத் தைரியம் வரவில்லை.

இப்படி நின்றுபோன கேள்விகளுக்குப் பதிலை எழுத்தில் வைத்துவிடுவார்கள். நமக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரே வரிதான். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்."

மனதை விட்டுவிடாதே. வேறு வழிகள் இருக்கின்றன.

பாமா


விவேக் நகர்
ஆகஸ்ட் 17

பாமா,

கேள்வி வராமலே ஒத்திவைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். வந்தது. நான் கேட்டேன். சத்தத்துக்கு நடுவிலேயே சபாநாயகர் முதல் கேள்வியைக் கூப்பிட்டார், இரண்டாவதைக் கூப்பிட்டார். அப்புறம் "பாலகுமார்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அதற்கப்புறம்தான் ஒத்திவைத்தார்கள்.

டிவியில் சபாநாயகரை மட்டும்தான் காட்டுகிறார்கள், கத்துகிறவர்களைக் காட்டுவதில்லை. ஆனால் காது இருக்கிறதே. தேர்தல் சமயத்தில் எங்கள் தெருவில் ஜீப்பில் நின்றுகொண்டு, "அக்கா, நான் உங்க வீட்டுப் பிள்ளை" என்று மைக்கில் கத்திய அந்தக் கட்டைக் குரல் எனக்குத் தெரியாதா? சபாநாயகர் அவர் பெயரைக் கூப்பிட்டபோது அவரே அவை நடுவில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அல்போன்சா ஆன்ட்டிகூட, "ஏ, நம்ம பாலகுமார் குரல்தானே இது, கேக்குதா?" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னிடம் எதற்கு மறைத்தாய்? அதுதான் வலிக்கிறது.

போன ஞாயிறு க்ளென் போன் செய்தார். எடுத்ததும், "கேட்டாங்களா?" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் என்னால் முடியவில்லை. "கேட்டாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஐரின்


புது டெல்லி
ஆகஸ்ட் 22

ஐரின்,

நீ சொன்னது எல்லாம் உண்மை. அன்று காலை கட்சிக் கூட்டத்தில், யாரும் கேள்வி கேட்கக்கூடாது, எல்லாரும் அவை நடுவே போய்விட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்கள். அவர்கள் கத்தியதும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இல்லை. அதுவும் பாவப்பட்ட ஜனங்கள் விஷயம்தான். எதிர்ப்பக்கமும் அதைப் பேச விடவில்லை. யாரைக் குறை சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. சார் போவதற்கு முன், நான் எழுதிக்கொடுத்த தாளைச் சட்டைப் பையில்தான் வைத்திருந்தார். சாயங்காலம் வந்து, "அந்தம்மாகிட்ட என்ன சொல்றது பாமா?" என்று கேட்டார். இதையெல்லாம்தான் நான் மறைத்தேன்.

அவைக் குறிப்பில் அன்றைய பக்கத்தைப் பார்த்தேன். அவர் சொன்ன ஒரு சொல்லும் அதில் இல்லை. "குறுக்கீடு" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு பேரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டார்கள்.

நேற்றோடு கூட்டத்தொடர் முடிந்துவிட்டது. தேசியகீதம் பாடும்போது மட்டும் எல்லாரும் அமைதியாக நின்றார்கள். குளிர்காலக் கூட்டத்தொடரில் மறுபடி போடுவோம்.

என்னைத் திட்டியாவது எழுது.

பாமா


விவேக் நகர்
செப்டம்பர் 1

பாமா,

திட்ட எனக்குத் தெம்பில்லை.

க்ளென் ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றையே கேட்கிறார். "மினிஸ்டர் என்ன சொன்னார், சரியா சொல்லு, அப்படியே படிச்சுக் காட்டு" என்கிறார். பேப்பர் இன்னும் வரவில்லை, பாமா அனுப்புகிறாள் என்று தள்ளிக்கொண்டே வருகிறேன். அங்கே படகுக்காரரிடம், காவல் படகில் ரோந்து வருகிறவரிடம், எல்லாரிடமும் சொல்லிவிட்டாராம். தாடியை எடுத்துவிட்டாராம்.

நானாக எதையாவது சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். அந்த மாதிரிப் பேச்சு எனக்கு வராது. உனக்கு வரும். நீ எழுதிக் கொடுத்ததைத்தானே அவர்கள் பேசுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் என்ன பேசியிருப்பார்களோ அதை எழுதி அனுப்பு. நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இது பொய் என்று எனக்குத் தெரியும். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். நீ எழுது.

ஐரின்


புது டெல்லி
செப்டம்பர் 9

ஐரின்,

வேண்டாம் என்று எழுதித்தான் முதலில் ஒரு தாளை நிரப்பினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இதோ.

சபாநாயகர்: கேள்வி எண் மூன்று. திரு. பாலகுமார்.

பாலகுமார்: ஐயா, பெங்களூரு விவேக் நகரைச் சேர்ந்த க்ளென் என்ற மாலுமியின் பெயரை இந்த அவையின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தான் செய்யாத தவறுக்காக அவர் ஒரு காலிக் கப்பலில் தனியாக இருக்கிறார். அவருக்கு மனைவியும் மகளும் இருக்கிறார்கள். அரசு என்ன செய்கிறது?

அமைச்சர்: உறுப்பினருக்கு நன்றி. திரு. க்ளென் அவர்களின் நிலைமை எனக்குத் தெரியும். அந்த நாட்டு அமைச்சரிடம் நானே நேரில் பேசினேன். காவல் பொறுப்பில் வேறு ஒருவரை நியமிக்க அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

பாலகுமார்: அதுவரை திரு. க்ளென் அவர்களுக்கு மின்சாரமும் நல்ல குடிநீரும் கிடைக்குமா?

அமைச்சர்: கிடைக்கும். தூதரக அதிகாரி ஒருவர் வாரம்தோறும் திரு. க்ளென் அவர்களைச் சென்று பார்ப்பார்.

சபாநாயகர்: இந்த அவை முழுவதும் திரு. க்ளென் அவர்களின் குடும்பத்தோடு நிற்கிறது.

(அவை அமைதியாக இருந்தது. பிறகு எல்லாப் பக்கத்து உறுப்பினர்களும் மேஜையைத் தட்டினார்கள்.)

எத்தனையோ வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். எந்த அமைச்சரும் "எனக்குத் தெரியும்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. எழுதும்போது எனக்கே ஆசையாக இருந்தது. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

பாமா


விவேக் நகர்
செப்டம்பர் 21

பாமா,

தாள் கிடைத்தது. குளிர்காலக் கூட்டத்தொடருக்கு நீ எதுவும் போட வேண்டாம். மறுபடி டிவி முன்னால் உட்கார என்னால் முடியாது. எனக்கும் இனி எழுத வேண்டாம். உன்மேல் கோபமில்லை. உன் கையெழுத்தைக் கவரில் பார்த்தாலே ஏதோ நல்லது நடக்கப்போகிறது என்று மனசு எழுந்து உட்கார்ந்துகொள்கிறது, அது எனக்கு ஆகவில்லை. உன் அம்மாவை எப்போதும்போல் போய்ப் பார்ப்பேன்.

க்ளெனுக்குப் போன ஞாயிறு வாசித்துக் காட்டினேன். முழுக்க வாசித்தேன். மனுஷர் அழுதுவிட்டார். "எல்லாரும் அமைதியா கேட்டாங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன். அவர் பெயர் வரும் இடங்களை மறுபடி வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். மேஜையைத் தட்டியதையும் வாசித்தேன்.

போனில் கப்பலில் மோதும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அப்புறம், "சரி ஐரின், அப்ப நான் எப்ப வர்றது?" என்று கேட்டார்.

நீ அனுப்பிய தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். அதற்கு நீ ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

ஐரின்