பாலில் சத்தில்லையாம்

பிப்ரவரி 3, 2025

மதுரையிலிருந்து வந்ததும் குளித்தேன். ஆஸ்பத்திரி வாடை இன்னும் போகவில்லை. பாப்பாவின் புறங்கையில் நரம்பு தேடித் தேடிக் குத்தினார்கள்.

டாக்டரம்மா சொன்னதை மறக்குமுன் எழுதிவிடுகிறேன். எலும்புக்கான சத்து பெரும்பாலும் வயிற்றில் கடைசி மூன்று மாதத்தில்தான் பிள்ளைக்குச் சேருமாம். இவள் ஏழாம் மாதமே வந்துவிட்டாள். ரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவு. அல்கலைன் பாஸ்பட்டேஸ் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது. எலும்பு இறுகவில்லை என்பதற்கு இரண்டும் அடையாளம். தாய்ப்பாலில் சத்துப்பொடி கலந்து தரவேண்டும், பாஸ்பேட் மருந்தும். கை காலை உருவக் கூடாது, இழுக்கக் கூடாது. ஒடிந்துவிடும்.

ஒடிந்துவிடும் — மெதுவாகத்தான் சொன்னார்.

பிப்ரவரி 4

இவருடைய அக்கா காளீஸ்வரி மதினிக்கு, அத்தனை பேச்சிலும் காதில் விழுந்தது ஒன்றுதான். காலையிலிருந்து தெருவில் அதையே சொல்கிறாள். "பாலுல சத்தில்லையாம். டாக்டரே சொல்லிட்டாக."

பருத்தி எடுக்கப் போகிறவர்கள்கூட நின்று என் மார்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். சீ.

பிப்ரவரி 6

மதுரையில் எடுத்த எக்ஸ்ரே நன்றாக இருந்ததால் ரத்தம் பொய்யாம். "படத்துல எலும்பு முழுசாத்தான இருக்கு? ரத்தம் எடுக்குறதெல்லாம் பில்லு போடத்தான்" என்கிறார் இவர். நிறையச் சத்துக் குறைந்த பிறகுதான் படத்தில் தெரியும், ரத்தம் முன்கூட்டியே காட்டிவிடும் என்றேன். புஸ்தகம் பேசுது என்று மதினி சிரித்தாள். இவரும் சிரித்தார்.

அந்தச் சிரிப்போடு சோற்றைப் பிசைந்தார்.

பிப்ரவரி 9

கண்ணயர்ந்துவிட்டேன். பாப்பாவின் அலறலில் விழித்தேன்.

பின்கட்டில், மதினி பக்கத்தில் நிற்க, சந்தனம்மாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் குளிப்பாட்டுகிறவள். நீட்டிய கால்மேல் என் பிள்ளை, எண்ணெய் வழிய. வெற்றிலைச் சாறு காயாத வாயால் மூக்கில் ஊதினாள். தொண்டைக்குள் விரலை விட்டுக் கோழை எடுத்தாள். பிறகு இடது கையையும் வலது காலையும் சேர்த்து —

"விடுங்க மதினி, விடச் சொல்லுங்க."

"உருவி விட்டாத்தான் ஏத்தா எலும்பு முறுகும். உன் பாலை நம்பி இருந்தா?" என்றாள் மதினி.

பறித்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் வரை இடது கையை அசைக்கவேயில்லை. அசைக்கவே இல்ல. யார்கிட்ட சொல்ல?

பிப்ரவரி 10

அருப்புக்கோட்டை. எக்ஸ்ரே. முழங்கைக்கு மேலே முறிவு.

இவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது படத்தில் தெரிகிறது. சொன்னால் என் வாய்தான் நாறும்.

பிப்ரவரி 11

பந்தல்குடி, அம்மா வீடு. லாரிச் சத்தம். எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 20

இவர் ஊர் ரெட்டியபட்டியில் பேச்சு மாறவில்லையாம். "பாலுல சத்திருந்தா ஒடியுமா?"

நூறு தடவை கையைக் கழுவுகிறேன். அவர்கள் தொட்டதை எங்கே போய்க் கழுவ?

மார்ச் 17

மறுபடியும் ரத்தம். பாஸ்பரஸ் ஏறியிருக்கிறது. மற்றது இறங்கத் தொடங்கிவிட்டது. முறிவு கூடிவருகிறதாம். இவர் மருந்தளவை இரண்டுமுறை கேட்டு எழுதிக்கொண்டார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரத் தயங்கினார். நகர்ந்து இடம் விட்டேன். அவ்வளவுதான், இப்போதைக்கு.

மே 4

மதினி வந்தாள், சேவுப் பொட்டலத்தோடு. ரத்தத்தில் எல்லாம் சரியாகிவிட்டதென்று அம்மா சொன்னாள். உடனே மதினி, "அன்னைக்கு எண்ணெய் போட்டு உருவுன பலன் இப்பத்தான தெரியுது" என்கிறாள். பிள்ளையைக் கேட்டாள். தரக்கூடாது என்றுதான் இருந்தேன்.

யாரும் சொல்லாமலே குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி வந்தாள். ஒரு கை பிடரிக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில். கை காலை இழுக்காமல் தூக்கினாள். வாய் மட்டும் ஓயவில்லை, இன்னும் என் பாலைப் பற்றித்தான்.

பாப்பா இடது கையால் அவள் தாலிச் சரட்டைப் பற்றிக்கொண்டாள். மதினியின் பேச்சு நின்றது. அந்தக் கையை அவள் தொடவில்லை. பிள்ளை தானாக விடும்வரை குனிந்தே நின்றாள்.