கட்டிப்போட்டவனுக்குச் சாட்சி

கார்த்திகை 5, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். மாடியில் தகரக் கூரைக்குக் கீழே நின்று பேசுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவேன். மகள் தேவி போனில் ஏதோ வைத்துக் கொடுத்திருக்கிறாள். நான் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் கண்டபடி விழுகிறதாம். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வேண்டும். வருகிறது. எழுதியதை என்னாலேயே படிக்க முடியாது என்பது ஒரு வசதி.

இன்று:
பி.பி. மாத்திரை தீர்ந்தது.
சிலிண்டர் வந்தது.
கோர்ட்டிலிருந்து சம்மன்.

சம்மனைக் கொண்டுவந்த போலீஸ்காரரே படித்தும் காட்டினார். புதன்கிழமை பூந்தமல்லி கோர்ட். என்னைக் கடத்தின கேஸ். மற்றவர்கள் எப்போதோ உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டார்கள். சேகர் மட்டும் சிக்காமல் இருந்தான். போன வருடம் பிடித்துவிட்டார்களாம். என்னைக் காவல் காத்தவன் அவன். அவன் முகத்தைச் சரியாகப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

"ஆளைக் காட்டுங்க பெரியவரே, அது போதும். ஞாபகம் இருக்கில்ல?"

இருக்கிறது. அதுதான் கஷ்டம்.

என் மனைவி சரோஜா சம்மனைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். "நல்லா காட்டு. ரெண்டு கையாலயும் காட்டு" என்றாள்.

கார்த்திகை 6, சனி

மழை விட்டது. ஏரி நிரம்பி ரோடுவரை வந்துவிட்டதாகப் பால்காரர் சொன்னார். முழங்கால் வலி.

முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். கோர்ட்டில் தடுமாறக் கூடாது.

நான் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறை முதலாளிக்குக் கார் ஓட்டினேன். அவரிடம் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று மட்டும் ஸ்டியரிங்கை அவர் பிடிப்பார். வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு முதல் ரவுண்டு அவர் ஓட்டுவார். நான் பின்சீட்டில். புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. வருடம் முழுக்க ஓட்டியவனுக்கு அன்று ஒரு நாள் மரியாதை.

அந்த வருடம் ரவுண்டு முடியவில்லை. ஒரு வேன் குறுக்கே நின்றது. பின்கதவைத் திறந்து என்னை இழுத்தார்கள். முன்னால் பனியனும் கைலியுமாக இருந்தவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "முதலாளி நான்தான்" என்று அவர் சொல்லவில்லை. "நான் டிரைவர்" என்று நானும் சொல்லவில்லை. டிரைவரை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? ஏரியில் போட்டுவிட்டுப் போவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

வேப்பம்பட்டு தாண்டி, பூச்சு பூசாத ஒரு பாதி வீடு. ஜன்னலுக்குச் செங்கல் அடுக்கியிருந்தது. தூரத்தில் லோக்கல் ரயில் சத்தம். கையைக் கட்டினவன் சேகர். இறுக்கித்தான் கட்டினான்.

மறுநாள் டீ கொண்டுவந்தான். ஒரு கையை அவிழ்த்தான். சூடு பார்க்கத் தானே ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினான். நான் குடித்து முடிக்கும்வரை என் காலையே பார்த்தான்.

"வேன்ல வரும்போது பாத்துகினே வந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உன் சோத்துக்கை பக்கத்துக் காலு தரைய அழுத்துது. பின்சீட்ல குந்திகினு பிரேக் மிதிக்கறவன் முதலாளி இல்ல அண்ணாத்தே. நீ டிரைவரு."

காலை மடக்கிக்கொண்டேன்.

"கம்முனு கெட. நானும் கம்முனு கீறேன்" என்றான்.

கடைசிவரை அவன் சொல்லவில்லை. அதனால்தான் இன்று நான் மாத்திரை வாங்க வேண்டியிருக்கிறது.

கார்த்திகை 7, ஞாயிறு

வெயில். தேவி அம்பத்தூர் பிளாட்டிலிருந்து வந்தாள். மீன் குழம்பு. அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, எதற்கும் போனில் ஒரு பதில் வைத்திருப்பாள்.

"நைனா, கடத்தினவன் மேலயே பாசம் வர்றதுக்குப் பேரே கீது. ஏதோ வெளிநாட்டு ஊர் பேர வச்சிருக்காங்க. உனக்கு அதுதான்."

"வியாதியா?"

"வியாதி மாதிரி."

"மாத்திரை உண்டா?"

சிரித்துவிட்டாள். சரோஜா சிரிக்கவில்லை.

மதியம் கேட்டருகே ஒரு பெண். கையில் வாழைப்பழச் சீப்பு. சேகரின் மனைவியாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"ஐயா, வயசாயிடுச்சு, ஞாபகம் இல்லேனு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு அவர் கெடுதல் பண்ணலியே. கடைசியில கதவத் தொறந்து உட்டதும் அவர்தானே?"

நானும் இத்தனை வருடமாக அப்படித்தான் நம்புகிறேன். கடைசி நாள் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். சேகர் கயிற்றைத் தளர்த்திவிட்டு வெளியே போனான். திரும்பவில்லை. கதவைத் தள்ளினேன், தாழ் போடவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

சரோஜா அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். "தொறந்து உட்டாரா? நான் எஸ்.ஐ. ஜீப்புல ஏறிக்கினு அந்தத் தெருவுக்குள்ள வந்தேன். ஜீப் சத்தம் கேட்டு ஓடினான் உன் புருசன். ஓடறவன் தாழா போடுவான்?"

அந்தப் பெண் அழவில்லை. பழத்தைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். சரோஜா கேட்வரை போனாள். பிறகு, "ஏய், வெயில்ல நடக்காத. மோர் குடிச்சிட்டுப் போ" என்றாள். குடித்துவிட்டுப் போனாள். பழத்தை யாரும் தொடவில்லை.

கார்த்திகை 9, செவ்வாய்

நேற்று போனைத் தொடவில்லை. சரோஜா பேசவில்லை. இன்றும் மழை. நாளைக்கு வெள்ளைச் சட்டை, இஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று.

ஏன் அவன்மேல் இப்படி ஒரு இது? கட்டுண்டு கிடக்கிறவனுக்குப் பார்க்கக் கிடைக்கிற முகம் ஒன்றே ஒன்று. அந்த முகம் சிரித்தால் பொழுது நல்லபடியாகப் போகும். கறுத்தால் தண்ணீர் கேட்கவும் பயம். தண்ணீரை நிறுத்த முடிந்தவன் தண்ணீர் கொடுத்தால் அது வெறும் தண்ணீராக இல்லை. அவனுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. "கிராம்பு வாங்கி அடக்கிக்க, தம்பி" என்றேன். கயிற்றில் நான், வைத்தியம் அவனுக்கு!

இன்னொன்றும் தெரியும். முதலாளி என்று என்னை அடையாளம் காட்டிக் கூட்டாளிகளிடம் கொடுத்தவனே சேகர்தான். நான் டிரைவர் என்று தெரிந்தால் முதல் உதை அவனுக்கு. அவன் வாயை மூடியது என்னைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? இரண்டும்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரே பயத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் ஒரு முனை, நான் ஒரு முனை. தேவி போனில் இது இருக்குமா தெரியவில்லை.

சாயங்காலம் சரோஜா வாயைத் திறந்தாள். டீயை டங்கென்று வைத்தாள்.

"அவன் ஒரு வாய் குடிச்சிட்டுக் குடுத்தான்னு எத்தினி வருசமா சொல்ற! நான் டெய்லி ஆத்திக் குடுக்கறேனே, என்னிக்காவது ஒரு வார்த்தை வந்துதா? நீ காணாமப் போனப்ப ஸ்டேஷன் வாசல்ல ஒரு இட்லிகூட துன்னாம குந்திகினு கெடந்தேன். என்னயும் ஒரு கயித்தால உன்னக் கட்டிப்போடச் சொல்றியா? அப்பத்தான் தெரியுமா?"

டம்ளரை எடுத்துக் குடித்தேன். டீ சரியான சூட்டில் இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

கார்த்திகை 10, புதன்

மேகமூட்டம். பூந்தமல்லி போய் வந்தாயிற்று. கால் வீக்கம்.

சேகருக்குத் தலை முழுக்க நரை. சட்டைக்குள் ஆளே இல்லை. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தான். அந்தக் கடைவாய்ப் பல் இருந்த இடம் ஓட்டை. கிராம்பு கேட்கவில்லை போலிருக்கிறது.

அவன் மனைவி கடைசிப் பெஞ்சில். சரோஜா அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வேறு இடம் இல்லையாம்.

அரசு வக்கீல் கேட்டார், அந்த ஆள் இங்கே இருக்கிறாரா என்று. மறந்துவிட்டது என்று சொல்லலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் இவனை மறந்துவிட்டேன் என்று சொன்னால், அவன் செய்த நல்லதும் சேர்ந்து இல்லாமல் போய்விடும்.

கையைக் காட்டினேன். ஒரு கைதான்.

"இவர்தான் ஐயா என்னைக் கட்டினவர். இறுக்கிக் கட்டினார். அவிழ்த்து டீ கொடுத்தவரும் இவர்தான். நான் முதலாளி இல்லேனு தெரிஞ்சும் சொல்லாம வச்சிருந்தார். சொல்லியிருந்தா நான் இங்க நிக்க மாட்டேன். ரெண்டையும் எழுதிக்கணும்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். டைப் அடிக்கிறவரிடம், "அதையும் போடுங்க" என்றார். சட் சட்டென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். தீர்ப்பு அப்புறமாம்.

சேகர் தலை குனிந்து நின்றான். வெளியே கூட்டிப் போகும்போது என்னைத் தாண்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோ. பின்னால் நானும் சரோஜாவும். ரோடெல்லாம் மழைப் பள்ளம். டிரைவர் எதற்கும் நிறுத்துகிற ஆள் இல்லை. ஒரு பஸ் குறுக்கே வந்தது.

என் முழங்காலில் ஒரு கை. சரோஜா வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய அவன் ஓட்டறான். நீ பிரேக்க விடு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"கண்ணாலம் ஆகி உங்க அண்ணன் ஊட்டுக்கு வாடகைக் கார்ல போனமே, அன்னிக்கே. அப்பலருந்து வண்டியில வரும்போதெல்லாம் இப்படித்தான் புடிச்சிகினு வரேன். உனக்குத் தெரியாது."

தெரியாது. முழங்கால் மட்டும் எப்போதும் கதகதப்பாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் டீ போட நான் அடுப்பங்கரைக்குப் போனேன். சர்க்கரை டப்பா எங்கே என்று தெரியவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு இதைப் பேச மாடிக்கு வந்தேன். கீழேயிருந்து கூப்பிடுகிறாள், பால் பொங்குகிறதாம்