வெற்றிக்கு மூன்று புள்ளி

என் அன்பு வாலுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்காலைத் தவிர. உன் நலத்தை நீ போனில் சொல்லிவிட்டாய், நான்தான் இன்னும் நம்பவில்லை.

அப்பா முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இந்த வாரமும் கால்பந்து ஆட்டத்துக்கு லைன்ஸ்மேனாகக் கோட்டோரம் கொடி பிடிக்கப் போய்விட்டார், சொன்னால் கேட்டால்தானே. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. அதெல்லாம் கிடக்கட்டும், நான் ஒரு கூத்து பண்ணிவிட்டேன். நம் ஊர்க் கால்பந்து லீக்கில் இந்த வருஷம் முதல் வெற்றிக்கு இரண்டு புள்ளி இல்லை, மூன்று என்று கமிட்டி முடிவு செய்தது. நீ ஊரைவிட்டுக் கிளம்பும் முன், நான் லீக் கணக்கு ஏற்றும் விக்கி தளத்தில் ஒரு வார்ப்புரு செய்து கொடுத்தாயே, வெற்றி, சமன், தோல்வி என்று எண்களைக் கொடுத்தால் அதுவே புள்ளியைக் கூட்டி அணிகளை மேலும் கீழும் அடுக்கிவிடுமே, அதைத் திறந்து இரண்டை அழித்து மூன்று போட்டுவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். எல்லா வருஷத்துப் பக்கமும் அந்த ஒரே வார்ப்புருவைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பழைய பட்டியலெல்லாம் தலைகீழ். மறுநாள் பேக்கரிக்காரர் கடையில் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார், என்னக்கா, கப்பு எங்க அலமாரியில இருக்கு, உங்க பட்டியல்ல பஸ் டிப்போக்காரங்க முதல்ல நிக்கிறாங்களே என்று. பாவம், அவருடைய பேக்கரி அணி பாதி ஆட்டத்தைச் சமன் செய்தே போன வருஷக் கோப்பையைத் தட்டியது, வெற்றிக்கு மூன்று என்றதும் வெற்றி அதிகமுள்ள டிப்போ அணி மேலே ஏறிவிட்டது. டிப்போக்காரர்களோ கோப்பை எப்ப சார் வரும் என்று அப்பாவைக் கேட்கிறார்களாம்.

அந்த மானக்கேடு கூடப் பரவாயில்லை. நீ திருத்தவில்லை, அதுதான் என்னைப் படுத்துகிறது. முன்பெல்லாம் நான் ஒரு கோலைத் தப்பாக ஏற்றினால் டீ ஆறுவதற்குள் சரியாகியிருக்கும், அம்மா கண்ணாடி போடு என்று குறிப்பு வேறு இருக்கும். நீ பேசாத வாரங்களில்கூட அதைப் பார்த்தால் சாப்பிட்டாய், தூங்கினாய், திமிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்வேன். இப்போது லீக்கே குடை சாய்ந்து கிடக்கிறது, உன்னிடமிருந்து ஒரு கமா கூட வரவில்லை. திருத்தங்களின் வரலாற்றைத் திறந்து திறந்து பார்க்கிறேன், முழுக்க என் பெயர்தான். போனில் மட்டும் சூப்பரா இருக்கேம்மா என்கிறாய், அப்படிச் சொல்கிற பெண்ணா நீ? நன்றாக இருந்தால் என்னிடம் சண்டை அல்லவா போடுவாய். வேலையில் ஏதாவதா, யாராவது மனதை நோகடித்தார்களா, உடம்பா? எனக்குப் பயமாக இருக்கிறது. அடுப்பில் வைத்ததை மறக்கிறேன், அப்பா என்ன என்று கேட்டால் எரிந்து விழுகிறேன்.

கடைசியில் நானே உட்கார்ந்து, வெற்றிக்கு எத்தனை புள்ளி என்பதை அந்தந்த வருஷப் பக்கமே சொல்லும்படி மாற்றிவிட்டேன். பேக்கரிக்காரர் முதலிடத்துக்குத் திரும்பிவிட்டார். ஒரு பக்கத்தை மட்டும் தொடவில்லை. பெண்கள் பிரிவில் நீ கோல்கீப்பராக நின்ற வருஷம். இன்னும் மூன்று புள்ளிக் கணக்கில் உன் அணி தப்பாகக் கடைசியில் கிடக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. என்ன நடந்திருந்தாலும் எங்களிடம் சொல்லலாம், சொல்ல வாய் வராவிட்டால் அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டு என்னை நாலு வார்த்தை திட்டி எழுது, எனக்கு அது போதும். எங்கள் இருவரின் ஆசியும் உன் கூடவே இருக்கிறது.

இப்படிக்கு,
கடைசி இடத்துக் கோல்கீப்பரின் அம்மா